கொம்பில் ஒட்டாத இலை

வாதாமரத்து இலை பழுக்கும்போது எந்த இடத்திலிருந்து சிவக்கத் தொடங்கும் என்று எப்போதாவது உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? நுனியிலிருந்தா, காம்பிலிருந்தா, நட்டநடுவிலிருந்தா? பார்த்திருக்க மாட்டீர்கள். அதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது. நீலாவுக்கும் நேரம் இல்லைதான். இட்லிக்கு ஊறப்போட வேண்டும், துணி உலர்த்த வேண்டும், இரண்டு வயதுப் பிள்ளை வாயில் எதைப் போட்டு மென்றுகொண்டிருக்கிறது என்று அரைக்கண்ணால் பார்த்தபடியே இருக்க வேண்டும். ஆனாலும் அவளுக்குத் தெரியும். ஓரத்தில் எங்கோ ஒரு இடத்தில், எறும்பு கடித்துத் தடித்த மாதிரி ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளி மெல்லப் பரந்து நரம்புவரைக்கும் வந்து நிற்கும். நரம்பைத் தாண்டத் தயங்கும், அடுத்த வீட்டுக்குள் நுழைகிற ஆள் வாசலில் நின்று குரல் கொடுக்கிற மாதிரி. பிறகு தாண்டும். இலை மொத்தமும் சிவந்த பிறகும் நரம்பு மட்டும் மஞ்சளாகவே கிடக்கும், வயல் முழுக்கத் தண்ணீர் ஏறினாலும் வரப்பு மட்டும் தெரிகிற மாதிரி. அந்த வரப்பைத்தான் நீலா முதலில் போட்டு முடித்திருந்தாள், மஞ்சள் பட்டு நூலில், கொக்கி ஊசியால், கௌதமியின் கல்யாண ஜாக்கெட்டின் வலது கையில். பிறகு வரப்புக்கு வரப்பு சிவப்பை நிரப்பிக்கொண்டே வந்தாள். நிரப்பி முடிக்கிற நேரத்தில்தான் போன் வந்தது.

இப்போது போன் வைத்தாயிற்று. பிள்ளை தூங்கியாயிற்று. முன்பக்கத்துத் தகரச் சீட்டுக் கொட்டகையில், குறுக்குச் சட்டத்தில் கட்டின தூளிக்குள் தன்ஷிகா ஒரு மூட்டையாகச் சுருண்டு கிடக்கிறாள்; தூளியில் கட்டின கயிற்றின் மறுமுனை நீலாவின் வலது கால் கட்டைவிரலில். கால் ஒரு இழுப்பு, தூளி ஒரு போக்கு, ஒரு வரவு. மேலே வலது கை சும்மா இருக்கிறது. ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். துணி இழுத்துக் கட்டின மரச்சட்டத்துக்கு அடியில் இடது கை. அந்தக் கைதான் சும்மா இல்லை. ஆரி என்கிற இந்தக் கொக்கி ஊசி வேலையில் அடிக்கை எதையும் பார்க்காது. குருடு மாதிரி நூலைத் தடவித் தடவி மேலே வருகிற கொக்கிக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இப்போது அந்த நூல் அவள் ஆள்காட்டி விரலில் சுற்றியபடி நிற்கிறது. சிவப்பை அவள் அறுக்காமல் ஒரே ஓட்டமாகப் போட்டிருந்தாள். கடைசிக் கண்ணி மேலே நிமிர்ந்து நிற்கிறது, முடிச்சு விழவில்லை. முடிச்சு விழாத சங்கிலித் தையலுக்கு உயிர் அடிநூலில்தான். விரலை ஒரு சுண்டு சுண்டினால் போதும், சரசரவென்று சிவப்பு மொத்தமும் கீழே இறங்கி வந்துவிடும், மஞ்சள் நரம்பு மட்டும் எலும்பு மாதிரி மேலே நிற்கும். சரளாக்கா சொன்னதும் அதைத்தான். "சுண்டி எடுத்துட்டுப் பச்சையப் போட்டு நெரப்பு. ஒரு காம்ப இழுத்துக் கொம்போட ஒட்ட வையி. புள்ள எந்திரிக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும். அவ்வளவுதானடி வேல."

அவ்வளவுதான் வேலை. உண்மைதான். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிற சரளாக்கா தப்பாகச் சொல்லமாட்டாள். இந்த ஊசியை நீலாவுக்குப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். காலையில் வேலை எவ்வளவு வந்திருக்கிறது என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். இவளும் வெளிச்சம் பார்த்து, சட்டத்தைச் சாய்த்துவைத்து, ஆசையாக எடுத்து அனுப்பினாள். "நீலா, அந்தக் கடைசி எல என்னடி அது, தனியா நிக்குது?" "விழுந்துக்கிட்டு இருக்குக்கா." "எது?" "எலதான்." "கல்யாணப் பொண்ணு கையிலயாடி விழுது? ஒனக்கு மூள எங்க போச்சு? பொண்ணோட அம்மா, அந்த வசந்தாம்மா, மயிலுதான் வேணும்னுச்சு. நீ எலன்ன. சரி, புதுசா இருக்கட்டும்னு நாந்தான் பேசி சம்மதிக்க வச்சேன். பச்சப்பசேல்னு இருக்கும்னுல்ல நெனச்சேன்? பழுத்தது, உதுந்தது, இதெல்லாமா ஜாக்கெட்ல போடுவாங்க? நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஒரு தலவலி வந்தாக்கூட அந்த ஜாக்கெட்டுதாம்பாங்க. சாயங்காலம் ஆத்தாளும் மகளும் நேரா ஒன் வீட்டுக்கே வர்றாங்களாம் பாக்க. அதுக்குள்ள பிரிச்சிரு. நல்லா இருப்ப." நல்லா இருப்ப என்று சொன்ன பிறகு எதிர்த்துப் பேச முடியாது. சரிக்கா என்றாள். சரி என்று சொன்ன வாய் மூடிவிட்டது. விரல் மட்டும் இன்னும் சுண்டவில்லை.

சுண்டலாம். இப்போதே. கால் இழுக்கிறது, தூளி போகிறது, வருகிறது. பாட்டில் பச்சை நிறப் பட்டு, அதன்மேல் தோளிலிருந்து ஒரு கொம்பு இறங்கி வருகிறது. மேலே தோளருகில் இலை சின்னதாக, பச்சையா மஞ்சளா என்று சொல்ல முடியாத ஒரு நிறம், எலுமிச்சம்பழத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தால் தெரியுமே அது. அதற்குக் கீழே கிளிப்பச்சை, அப்புறம் வாழைப்பட்டைப் பச்சை, அப்புறம் துணியோடு துணியாக மறைந்துபோகிற கரும்பச்சை. முழங்கைக்கு மேலே வரும்போது ஒரு இலையின் ஓரத்தில் மட்டும் எறும்பு கடித்த புள்ளி. அடுத்ததில் பாதி. அடுத்ததற்கு அடுத்தது இதுதான், கைவிளிம்புக்கு ஒரு விரல் மேலே, கொம்பில் ஒட்டாமல், கொஞ்சம் சாய்ந்து, காற்றில். இடது கையில் இந்த வம்பே இல்லை, எல்லா இலையும் சமத்தாகக் கொம்பில் உட்கார்ந்திருக்கின்றன. இந்த ஒன்றுதான். இதற்குச் சிவப்பு நூல் கடையில் இல்லை. அரக்கு ஒரு இழை, செங்கல் ஒரு இழை, நடுவில் நிழல் விழுகிற இடத்துக்குக் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு இழை என்று சேர்த்துத் திரித்தாள். வாசலில் விழுந்து கிடந்த இலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து, இல்லை இன்னும் மிளகாய்வற்றல் நிறம் வேண்டும், இல்லை இது அதிகம் என்று, உலையில் அரிசி குழைந்தது தெரியாமல். அன்றைக்கு ராத்திரி எல்லாரும் களிமாதிரி சோறு தின்றார்கள். "ஒம் பொண்டாட்டி எலயத் துன்னுட்டு இருந்துருப்பா, நமக்கு எதுக்குச் சோறு" என்று மாமியார் பட்டம்மாள் மகனிடம் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நீலாவும்தான் சிரித்தாள்.

இலைக்கு என்ன, காய்ச்சலா? லில்லி டீச்சர். பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு டிராயிங், போர்டில் ஒரு பானை, ஒரு மாம்பழம், ஒரு இலை. நீலா இலைக்குச் சிவப்பு அடித்திருந்தாள், ஏனென்றால் ஜன்னலுக்கு வெளியே அப்படித்தான் இருந்தது. டீச்சர் அதைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டி, இலைக்கு என்ன காய்ச்சலா என்று கேட்டார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அந்த வருஷம் முழுக்க அவளுக்குக் காய்ச்சல் எலை என்றே பேர். ஒன்றும் கெட்ட டீச்சர் இல்லை, மதியம் யாராவது சாப்பிடாமல் வந்தால் தன் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுப்பார். கிரேயான் டப்பாவில் பச்சைதான் முதலில் தேய்ந்து தீர்ந்துபோகும், எல்லாருக்கும், ஏனென்றால் மரம் பச்சை, வயல் பச்சை, இலை பச்சை. சிவப்பு மட்டும் நீளமாக அப்படியே இருக்கும். எதற்கு அடிப்பது? நெற்றிப்பொட்டுக்கு, கொடிக்கு, சூரியனுக்கு. அவ்வளவு நீளமான சிவப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதாம். நீலாவுக்கு இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அடியில் விரல் லேசாக அசைந்துவிட்டது. ஐயோ. கடைசிக் கண்ணி தளர்கிறதா? இல்லை. நிற்கிறது. மூச்சை விட்டாள். பிரிக்கப்போகிறவளுக்கு அது தளர்ந்தால் என்ன? பிரிக்கத்தானே போகிறாய் நீலா? ஆமாம். பிரிக்கத்தான் போகிறேன். கொஞ்சம் இரு.

இந்த இலைப் பைத்தியம் எப்போது பிடித்தது என்றால், தன்ஷிகா வயிற்றில் இருந்தபோது. எதைத் தின்றாலும் வாந்தி. வாசலில் அந்த வாதாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். செய்ய வேலை இல்லாமல் வாழ்நாளில் முதல்தடவையாக உட்கார்ந்திருந்தாள். கண் எங்காவது போகத்தானே வேண்டும். மரம் குடை அடுக்கின மாதிரி தட்டுத்தட்டாக நின்றது. ஒவ்வொரு இலையும் காம்புப்பக்கம் குறுகி, நுனிப்பக்கம் விரிந்து, நாக்கு மாதிரி, சின்ன முறம் மாதிரி. அப்புறம் கண் அதோடு நிற்கவில்லை. வேலியில் ஆமணக்கு, விரித்த கை. பப்பாளி, கிழித்துக் கிழித்துப் போட்ட கோலம். சேம்பு இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு உருண்டு, பாதரசம் மாதிரி, பிள்ளை விளையாடுகிற மாதிரி. பூவரசு பழுத்தால் மஞ்சள், முருங்கை பழுத்தால் அதைவிட மஞ்சள், ஆனால் அது இலையாகவே விழாது, சில்லறையாக விழும். இந்த உலகத்தில் மயில், யானை, தாமரை தவிர வேறு உருவமே இல்லை என்கிற மாதிரி ஜாக்கெட் ஜாக்கெட்டாக மயில் போட்டுப் போட்டு அவள் கையே அகவுகிற நிலைமைக்கு வந்திருந்த காலம் அது. தக்காளிச் செடி இலைக்குள் புழு நுழைந்து வெள்ளைக் கோடாக வளைந்து வளைந்து போயிருக்குமே, அதை அப்படியே வெள்ளி ஜரிகையில் ஒரு ஜாக்கெட்டின் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். "ரொம்ப அழகா இருக்கே, என்ன டிசைனு இது?" என்று ஜாக்கெட் தைக்கக் கொடுத்த அம்மா கேட்டாள். புழு என்று சொல்ல முடியுமா? "மாடர்ன் டிசைனுங்க" என்றாள். அந்த அம்மாவின் தங்கச்சிகள் வரிசையாக வந்து அதே மாடர்ன் டிசைன் கேட்டார்கள். நல்ல நல்ல இலையாகப் பொறுக்கிப் பாய்க்கு அடியில் வைத்துப் படிய வைப்பாள். மினி லாரி ஓட்டுகிற இளங்கோ அலுத்துப்போய் வந்து விழும்போதெல்லாம் பாய் மொறுமொறு என்று சத்தம் போடும். "கட்டுன பொண்டாட்டிகூடப் படுத்தா காட்டுல படுத்த மாதிரி இருக்கு." "காட்டுல படுத்தா கால் பிடிச்சு விடுவாங்களா?" "விடமாட்டாங்க." "அப்ப பேசாமப் படுங்க."

தூளி நின்றுவிட்டது. கால் மறந்துவிட்டது. ஒரு முனகல். இழு. போகிறது, வருகிறது. நல்லவேளை. பிள்ளை இப்போது எழுந்தால் இவளும் எழ வேண்டும், எழுந்தால் அடிக்கை வெளியே வந்தே ஆக வேண்டும், வந்தால் இலை போயிற்று, முடிவு பண்ணுகிற வேலையே இல்லை. அப்படிப் போய்விட்டால் நன்றாகத்தான் இருக்கும். நானா பிரித்தேன், பிள்ளை அழுதது, ஓடினேன். யார்மேலும் குற்றம் இல்லை. கொட்டகைச் சீட்டின்மேல் சொத்தென்று ஒரு இலை விழுந்தது. பிறகு அது சறுக்குகிற சத்தம். வீட்டுக்குள் மாமியார் குறட்டை. மேலே சீட்டு வெயிலில் ஒருதரம் படபடத்தது. கண் சொருகுகிறது. அந்தப் பச்சைப் பட்டு ஒரு குளம் மாதிரி விரிகிறது, அதன்மேல் அந்தச் சிவப்பு இலை மிதக்கிறது, ஒரு தட்டு மாதிரி. தட்டு. ஆரத்தித் தட்டு.

அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும். அவள் கல்யாணத்தன்று வாசலில் நின்ற இடத்தில், இளங்கோவின் அத்தை கையிலிருந்து ஆரத்தித் தட்டு நழுவிக் கவிழ்ந்தது. சிவப்புத் தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடி அவள் காலைத் தொட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தட்டு வழுக்கிற்று, எண்ணெய்க் கை, அவ்வளவுதான் என்று நீலாவுக்குத் தெரியும். இளங்கோகூடக் காதோடு, "காலுக்கு மருதாணி போட்டு விட்டுட்டாங்க" என்றான், அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மணப்பெண் சிரிக்கிறாளே என்று அதையும் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் தங்காமல் போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, திரைக்கு அந்தப்பக்கம் யாரோ மெல்லிய குரலில், அன்னைக்கே தட்டு கவுந்துச்சே என்றார்கள். யார் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. எல்லாருக்கும் நடக்கிறதுதான், உடம்பு சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னதும், மறுவருஷமே தன்ஷிகா வந்ததும், இவள் பேசிச் சிரித்து வளைய வருவதும் எல்லாம் சரி. ஆனால் அந்த ஒரு சொல், அது பட்டுத்துணியில் ஊசி போன தடம் மாதிரி. நூலை உருவிவிடலாம், தண்ணீர் தெளித்து நகத்தால் நீவிவிடலாம், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் துளை தெரியும். அப்படி ஒரு துளையை அந்தப் பெண் கௌதமிக்கு நான் போட்டுக் கொடுக்கவா? தலைவலி வந்தால், வேலை போனால், மூன்றாம் மாதம் ஏதாவது என்றால், திரைக்கு அந்தப்பக்கம் யாராவது, அன்னைக்கே எல விழுந்துச்சே. அடியில் விரல் தானாக இறுகியது. சுண்டு. சுண்டிவிடு நீலா. சரளாக்கா சொல்வதும் இதைத்தானே. ஒரு இலைக்காகவா.

இரு, இரு. வேறு வழி இருக்கிறது. மாந்தளிர். ஏன் முன்னமே தோன்றவில்லை. கொல்லையில் மாமரம் இப்போதுதான் துளிர்த்திருக்கிறது, கொழுந்தெல்லாம் செம்பு, பட்டு மாதிரி தொங்கிக்கொண்டு, பழுத்த வாதா இலையின் அதே நிறம். வாசலில் தோரணம் கட்டுகிற இலை, மங்கலமான இலை. யார் கேட்டாலும் மாந்தளிர்ங்க என்று சொல்லிவிட்டால் வசந்தாம்மா வாயெல்லாம் பல்லாகிவிடுவாள். புழுவை மாடர்ன் டிசைன் என்று விற்றவளுக்கு இது ஒரு பொய்யா. சிவப்பைப் பிரிக்கவே வேண்டாம். நுனியை மட்டும் கொஞ்சம் கூராக்கி, காம்பு ஒன்று இழுத்து, பொட்டுப்போலக் கொம்பில் ஒட்டினால் முடிந்தது. நீலாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது, வலது கை ஊசியைக்கூட எடுத்துவிட்டது. எடுத்து, எங்கே கூராக்குவது என்று பார்த்தபோதுதான் கை நின்றது. அது மாவிலை இல்லை. நுனி விரிந்து, காம்பு குறுகி, ஒருபக்கம் லேசாக மடங்கி, அது வாதா இலைதான். அதைக் கூராக்கினால் வாதாவும் இல்லை மாவும் இல்லை, மிளகாய். ஆனால் நிறம் ஒன்றுதான். எப்படி ஒன்றாக இருக்கிறது? ஒன்று இப்போதுதான் வந்தது, ஒன்று போகப்போகிறது. வரும்போதும் சிவப்பு, போகும்போதும் சிவப்பு. நடுவில் வேலை பார்க்கிற நாள் முழுக்கப் பச்சை. தன்ஷிகாவை முதல்முதலில் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியபோது எப்படி இருந்தாள்? பிழிந்த துணிமாதிரி சுருங்கி, உள்ளங்கால் வரைக்கும் சிவப்பாக. அந்த நிறம். இந்த மூன்று இழையைத் திரித்தபோது எங்கேயோ பார்த்திருக்கிறோமே, எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது அதற்குத்தானா? உதிர்கிற இலையைப் பார்த்து அவள் போட்ட நிறம் பிறந்த பிள்ளையின் நிறம். இதைப் போய் சரளாக்காவிடம் சொன்னால், வெயில்ல ஒக்காராதடி என்பாள்.

இந்த இலையை இவளாகவா போட்டாள்? அதுவும் இல்லையே. அளவு கொடுக்க ஆத்தாளும் மகளும் வந்த அன்று. வசந்தாம்மா நாற்காலியில் உட்கார்ந்து மயிலின் தோகை எத்தனை வளைவு என்று விவரம் சொல்லிக்கொண்டிருந்தாள். கௌதமி மரத்தடியில் நின்றாள், செருப்பால் இலைகளைத் தள்ளிக்கொண்டு. ஒன்றும் பேசாத பெண். எதைக் கேட்டாலும் அம்மா பதில் சொன்னாள். கழுத்து எப்படிம்மா வேணும்? "அவளுக்குப் பானக் கழுத்துதான் நல்லா இருக்கும்." கை நீளம்? "முழங்கை வரைக்கும்." அந்தப் பெண் குனிந்து ஒரு சிவப்பு இலையை எடுத்தது. அப்படி இப்படித் திருப்பிப் பார்த்தது. தன் முழங்கைக்கு மேலே வைத்து, மறுகையால் பொத்தி, தலையைச் சாய்த்துப் பார்த்தது. சுடிதார் கையின் பச்சைமேல் அது. ஒரு கண்சிமிட்டு நேரம். "கௌதமி, வா வா, பஸ் போயிரும்." இலை விழுந்தது. நேராக விழவில்லை, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரைக்கும் சறுக்கி, ஒரு சாய்வு சாய்ந்து, பிறகு விழுந்தது. அந்தச் சாய்வுதான் இது. நீலாவின் கண்ணில் அது அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கு ராத்திரி கண்ணை மூடினால் அந்தக் கை, அந்தச் சறுக்கல். அந்தப் பெண்ணுக்கு அது ஞாபகம் இருக்குமா? சும்மா கை அரித்திருக்கலாம். கையில் கிடைத்ததை வைத்துப் பார்த்திருக்கலாம், நானும் கடையில் தோடு பார்த்தால் காதில் வைத்துப் பார்ப்பதில்லையா, வாங்கவா போகிறேன். ஆனால் தலையைச் சாய்த்தாளே. தலையைச் சாய்த்துப் பார்க்கிற பார்வை வேறு. அது நீலாவுக்குத் தெரியும், அவளே அப்படித்தான் பார்ப்பாள், உலையில் சோறு குழைகிறதுகூடத் தெரியாமல். சுண்டிவிட்டால் கௌதமிக்கு ஒன்றும் தெரியாது. பச்சை இலை, அழகான பச்சை இலை, நல்லா இருக்குக்கா என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அம்மா வேண்டும் என்றதற்குத் தலையாட்டின மாதிரியே. அவளுடையது ஒன்று இங்கே இருந்தது என்பதே அவளுக்குத் தெரியாமல் போய்விடும். அதுதான். அதுதான் முள் மாதிரி குத்துகிறது.

பயம் யாருடையது? திரைக்கு அந்தப்பக்கம் பேசினவர்களுடையது, சரளாக்காவுடையது, என்னுடையது. அந்தப் பெண்ணை இன்னும் யாரும் கேட்கவே இல்லை. கேட்டுவிட்டுப் பிரித்தால் என்ன? அவள் வேண்டாம் என்று சொன்னால் கத்தரி நுனியால் கண்ணி கண்ணியாக எடுத்துவிட்டுப் பச்சையை நிரப்பித் தருகிறேன், ராத்திரி கண் விழித்தால் போகிறது. ஆனால் முடிச்சுப் போடாமல் காட்டக் கூடாது. விரலில் நூலைச் சுற்றிக்கொண்டு, இப்பவே சுண்டிரட்டுமா என்கிற முகத்தோடு காட்டினால் அவள் இலையைப் பார்க்கமாட்டாள், என் முகத்தைத்தான் பார்ப்பாள். தூளிக்குள்ளிருந்து ஒரு கால் வெளியே வந்தது. ஐந்து விரலும் விரிந்து, மடங்கி, மறுபடி விரிந்தது. "ம்மா." வந்துட்டேன் பாப்பா. "ம்மா!" வந்துட்டேண்டா தங்கம், ஒரு நிமிஷம், அம்மா கை மாட்டிக்கிட்டு இருக்கு. கால் கயிற்றை வேகமாக இழுத்தது. வலது கை ஊசியைப் பிடித்தது. கொக்கி அந்தக் கடைசிக் கண்ணிக்குள் இறங்கியது, அடிக்கை இருட்டில் நூலைக் கொடுத்தது, மேலே வந்தது, பக்கத்திலேயே இறங்கியது, வந்தது. இழுத்தாள். நூல் இறுகுகிறபோது ஒரு சின்னச் சத்தம் வருமே, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது, விரலுக்கு மட்டும் கேட்கும், அது கேட்டது. நூலை அறுத்தாள். அடிக்கையை வெளியே எடுத்தபோது ஆள்காட்டி விரலில் சுற்றின இடத்தில் மோதிரம் மாதிரி ஒரு சிவப்புத் தடம். இலை நின்றது. காற்றில், கொம்பில் ஒட்டாமல், சறுக்கிக்கொண்டே நின்றது.

தன்ஷிகாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தூங்கின சூட்டோடு பிள்ளை அவள் தோளில் கன்னத்தைத் தேய்த்தது, ஒரு பக்கக் கன்னம் தூளித்துணியின் மடிப்பு மடிப்பாய்ச் சிவந்திருந்தது. வாசலில் வெயில் சாய்ந்து மரத்தடி முழுக்க இலையாகக் கிடந்தது. மத்தியானத்துக் காற்றில் எவ்வளவு கொட்டியிருக்கிறது! சிவப்பு, பாதிச் சிவப்பு, பச்சையில் ஒரு பொட்டு, பழுப்பாகிச் சுருண்டது, ஓட்டை விழுந்து அதற்குள் மண் தெரிவது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்த பட்டம்மாள் கொட்டகை மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்து, உள்ளங்கையில் இரண்டு குத்துக் குத்தி நேராக்கினாள்.

"ஆளு வர்றாங்கன்னியே, வாசலப் பாரு, சந்தக்கட மாதிரி. இந்தச் சனியன் புடிச்ச மரம், மாசியானா மொட்டயடிச்சுக்கிட்டு நிக்கிது. விளக்கு வைக்கிறதுக்குள்ள கூட்டித் தண்ணி தெளிச்சிர்றேன். நீ புள்ளைக்குப் பால ஆத்து."

"அத்தை."

"என்ன?"

கல்யாண வீட்டுக்காரர்கள் வருகிற நேரத்தில், விளக்கு வைக்கப்போகிற நேரத்தில், இந்த வீட்டு மருமகள் இப்படி ஒன்றைக் கேட்கலாமா என்று ஒருதரம் தோன்றியது. தோன்றிவிட்டுப் போயிற்று. பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, நீலா விளக்குமாற்றின் அடிப்பக்கத்தை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"வாசல் பூராவும் கூட்டுங்க அத்தை, தண்ணி தெளிங்க, கோலம்கூட நான் வந்து போடுறேன். அந்த மரத்தடிய மட்டும் இன்னிக்கு ஒரு நாள் கூட்டாம விடுங்களேன். அந்தப் பொண்ணு வந்து ஒரு எலயக் கையில எடுத்துப் பாக்கட்டும்."